பந்தயக் களத்திலிருந்து இனவிருத்திப் பண்ணைக்கு

1943ஆம் ஆண்டில் பம்பாய் மகாலட்சுமித் திடலில் முதன்முதலாக நடைபெற்ற இந்திய டெர்பிப் பந்தயத்தில் வெற்றி பெற்றது ஓர் இளம் பெட்டைக் குதிரை. ‘பிரின்சஸ் பியூட்டிஃபுல்’ என்பது அதன் பெயர். ஆண் குதிரைகளுக்கு நிகராக ஓடி அவற்றை முந்தும் ஆற்றல் பெட்டைக் குதிரைகளுக்கு உண்டு என்பதற்கு அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சான்றுகள் உள்ளன. ஆயினும் ஆண் குதிரைக்கும் பெட்டைக் குதிரைக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓடி ஓய்ந்த ஆண் குதிரைகளுள் மிகச் சிறந்த சிலவே பொலிகுதிரைகளாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பெட்டைக் குதிரைகளிலோ பெரும் பகுதி, பந்தயத்தில் வென்றாலும் தோற்றாலும், இனவிருத்திக்கென வைத்துக்கொள்ளப்படுகின்றன. பந்தய வாழ்க்கை இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே. அதன் பின்னர் தாய்க்குதிரையாக வாழும் காலமோ பத்து, பதினைந்து ஆண்டுகள் வரை நீளக்கூடும்.

கடும் பயிற்சியும் ஓட்டமும் பெட்டைக் குதிரையின் கருவளத்தைப் பாதிக்கின்றனவா என்னும் வினா குதிரை வளர்ப்போரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இது வெறும் அறிவு வேட்கையால் எழுந்த வினா அன்று. பந்தய லாயத்திலிருந்து நேரே பண்ணைக்கு வந்து, முதற் பருவத்தில் சினைப்படாத பெட்டை ‘மலடு’ என்று பெயர் பெற்றுவிடுமானால் அதன் விலை சரிகிறது. அது கைமாறிக் கைமாறி எங்கோ மறைந்துபோகிறது. அதனுடன் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட ஒரு வமிசமும் முடிந்துவிடுகிறது. அந்தப் பெயர் நியாயமானதுதானா என்பதை அறிய வேண்டுமாயின், பந்தய வாழ்க்கை உடலில் விட்டுச் செல்லும் மாறுதல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சான்றுகள் கூறுவது என்ன?

‘அர்பன் சீ’ என்னும் பெட்டைக் குதிரை 24 பந்தயங்களில் ஓடி எட்டில் வென்றது. 1993ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் லோங்ஷாம்ப் திடலில் நடைபெற்ற ‘ஆர்க் த திரியோம்ப்’ என்னும் பெரும் பந்தயத்தின் வெற்றிக் குதிரை அதுவே. 1994இல் ஓய்வு பெற்ற அது 1996இல் முதற் குட்டியை ஈன்றது. 1998இல் பிறந்த ‘கலிலியோ’ உலகின் தலைசிறந்த பொலிகுதிரைகளுள் ஒன்றாக விளங்கிற்று. 2006இல் பிறந்த ‘சீ த ஸ்டார்ஸ்’ 2009இல் தாய் வென்ற அதே பந்தயத்தை வென்றது. அமெரிக்காவில் ‘பர்சனல் என்சைன்’ என்னும் பெட்டை, காலெலும்பு முறிந்து திருகாணியிட்டுச் சேர்க்கப்பட்ட பின்னரும் களத்துக்குத் திரும்பி, ஓடிய 13 பந்தயங்களிலும் வென்று 1988இல் ஓய்வு பெற்றது. அதன் மகள் ‘மை ஃபிளாக்’ 1995இலும், பேத்தி ‘ஸ்டார்ம் ஃபிளாக் ஃபிளையிங்’ 2002இலும் ‘பிரீடர்ஸ் கப்’ பந்தயங்களில் வெற்றி பெற்றன.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டுகளும் உள. 20 பந்தயங்களில் 19இல் வென்ற ‘ஜென்யாட்டா’ ஆறு வயது வரை ஓடிற்று. எட்டாம் வயதில், 2012இல், முதற் குட்டியை ஈன்றது. அதன் குட்டிகளுள் எதுவும் தாயின் புகழை நெருங்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ‘விங்க்ஸ்’ தொடர்ச்சியாக 33 பந்தயங்களை வென்று 2019இல் ஓய்வு பெற்றது. 2020இல் அதன் முதற் குட்டி உயிர் பிழைக்கவில்லை. ஆனால் 2022இல் நலமான பெண் குட்டி ஒன்றை ஈன்றது. அக்குட்டி 2024இல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போயிற்று.

தனித்தனி எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பொதுவிதி காண இயலாது. எனினும் ஓர் உண்மை இவற்றால் தெளிவாகிறது. கடுமையாக ஓடிய பெட்டை கருவளம் இழந்துவிடும் என்பது சரியன்று. ஓட்டம் நேரடியாகத் தாய்மையை அழிப்பதில்லை. ஓட்டத்துடன் சேர்ந்து வரும் உடல் மெலிவு, உஷ்ணம், மருந்துகள், தொற்று, கடந்துபோகும் வயது ஆகியவையும், இவை யாவற்றுக்கும் மேலாக, களத்திலிருந்து இறக்கிய உடனே பொலிக்கு விடும் அவசரமுமே தீங்கு செய்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை திருத்தக்கூடியவை.

இரண்டு நாட்காட்டிகள்

பெட்டைக் குதிரை பகற்பொழுது நீளும் காலத்தில் சினைக்கு வரும் பிராணி. குளிர்காலத்தில் அதன் சினைப்பைகள் பெரும்பாலும் ஓய்வுகொள்கின்றன. பகல் நீள நீள, கண் வழியே சென்ற ஒளியின் தூண்டுதல் மூளையை எட்டி, பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள் சினைப்பையை எழுப்புகின்றன. அதன் பின்னர் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவம் வருகிறது. பருவம் ஐந்து முதல் ஏழு நாட்கள் நீடிக்கும். பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்னர் சினை முட்டை வெளிப்படுகிறது. சினைக்காலம் சராசரி 340 நாட்கள்.

இயற்கை வகுத்த இந்த நாட்காட்டியின் மீது மனிதர் மற்றொன்றைச் சுமத்தியுள்ளனர். ‘தரோபிரெட்’ எனப்படும் தூய பந்தய இனக் குதிரைகளுக்கு, வட அரைக்கோளத்தில், எந்த நாளில் பிறந்தாலும் ஜனவரி முதல் நாளே பிறந்த நாளாகக் கணக்கிடப்படுகிறது. டிசம்பர் 31இல் பிறந்த குட்டி மறுநாளே ஒரு வயதுக் குதிரையாகிவிடும். ஆகவே ஜனவரிக்கு முன் குட்டி பிறந்துவிடக் கூடாது. ஆனால் ஜனவரிக்குப் பின் எவ்வளவு விரைவில் பிறக்கிறதோ அவ்வளவு நன்று. இதன் பொருட்டே பிப்ரவரி நடுவிலேயே பொலிப் பருவம் தொடங்கப்படுகிறது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட் போன்ற இடங்களில் அந்நாளில் பெட்டைகளுட் பல இன்னும் குளிர்கால ஓய்விலிருந்து முற்றும் மீண்டிருப்பதில்லை.

இந்தியாவில் நிலைமை சற்றே வேறு. டிசம்பர் மாதத்தில் நியூமார்க்கெட்டில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. புனேயில் அது சுமார் 11 மணி நேரம். ஆதலால் நம் நாட்டின் தென்பகுதியில் குளிர்கால ஓய்வு அவ்வளவு ஆழமானதன்று. ஆனால் இங்கு வேறொரு இடர்ப்பாடு உண்டு. இந்திய டெர்பி பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறுவது வழக்கம். மும்பையின் குளிர்காலப் பந்தயங்கள் அதற்குப் பின்னரும் தொடர்கின்றன. பந்தயக் களம் முழு வேகத்தில் இயங்கும் அதே வாரங்களில் பொலிப் பருவமும் திறந்துவிடுகிறது. பிப்ரவரியில் கடைசி ஓட்டத்தை ஓடிய பெட்டையை மார்ச்சிலேயே பொலிகுதிரையிடம் கொண்டுசெல்லும் ஆசை இங்குதான் எழுகிறது.

மெலிந்த உடலும் கருவளமும்

பந்தயத்துக்கு ஆயத்தமான குதிரையின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. ஓடுவதற்கு அது நன்று, கருவுறுவதற்கு நன்றன்று. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹெனெக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் குதிரையின் உடல் நிலையை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடும் ஒரு முறையை வகுத்தனர். ஒன்று என்பது எலும்பும் தோலுமான நிலை; ஒன்பது மிகப் பருத்த நிலை. ஐந்தாம் நிலையில் விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கையால் தடவினால் எளிதில் உணரலாம். ஐந்தும் அதற்கு மேலும் உள்ள பெட்டைகள் அதற்குக் கீழ்ப்பட்டவற்றைவிட முன்னதாகப் பருவத்துக்கு வந்தன. சினைப்படுவதற்குக் குறைந்த சுற்றுகளே அவற்றுக்குத் தேவைப்பட்டன. களத்திலிருந்து வரும் பெட்டை பல வேளைகளில் நான்கு அல்லது நான்கரை நிலையிலேயே இருக்கும்.

பந்தயக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒரு கோளாறு. நாளெல்லாம் லாயத்தில் அடைபட்டு, தானியத் தீவனம் மிகுதியாகவும் புல் குறைவாகவும் உண்பதே இதற்கு முக்கியக் காரணம். வயிற்றில் புண்ணுள்ள குதிரை எவ்வளவு தீவனம் வைத்தாலும் தேறுவதில்லை. ‘தீனி போட்டும் சதை பிடிக்கவில்லை’ என்னும் முறையீடு வந்தால் இதனை முதலில் ஐயுற வேண்டும்.

வெப்பமும் உழைப்பும்

உழைப்பினால் ஏறும் உடல் உஷ்ணம் கருவுக்கு ஊறு செய்வதை நேரடியாகக் காட்டிய ஓர் ஆய்வு 2009ஆம் ஆண்டில் டெக்சாஸிலிருந்து வெளியாயிற்று. 30 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் கொண்ட பருவத்தில், ஒரு தொகுதிப் பெட்டைகளுக்கு நாள்தோறும் 30 நிமிடம் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றொரு தொகுதி ஓய்வில் விடப்பட்டது. பயிற்சியின்போது உடல் உஷ்ணம் 38 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 40 டிகிரிக்கு உயர்ந்தது. முட்டை வெளிப்பட்டு ஏழாம் நாளில் கருப்பையைக் கழுவிக் கருவை எடுத்துப் பார்த்தபோது, ஓய்விலிருந்த பெட்டைகளில் நூற்றுக்கு 63 முயற்சிகளில் கரு கிடைத்தது; உழைத்த பெட்டைகளில் நூற்றுக்கு 34 முயற்சிகளிலேயே கிடைத்தது.

உழைக்கும் பெட்டைகளில் ‘கார்ட்டிசால்’ எனப்படும் ஹார்மோன் உயர்வதையும், முட்டை வெளிப்படும் நாள் பின்தங்குவதையும் இதனைத் தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. ஆய்வுக்குட்பட்ட குதிரைகளின் எண்ணிக்கை சிறிதே. எனினும், ஏப்ரல், மே மாத வெயிலில் பயிற்சியையும் இனச்சேர்க்கையையும் ஒருங்கே நடத்துவது அறிவுடைமை அன்று என்பதற்கு இது போதிய சான்று. பயிற்சியை நிறுத்தினால் இந்தத் தடையும் நீங்கும் என்பதையும் மறக்கலாகாது.

மருந்துகள் விட்டுச் செல்லும் சுவடு

ஒரு காலத்தில் பல நாடுகளில் பந்தயப் பெட்டைகளுக்குத் தசை வளர்க்கும் ஸ்டிராய்டு மருந்துகள் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. நாண்ட்ரோலோன், போல்டனோன், ஸ்டானோசோலால் என்பன அவற்றுட் சில. ஆண் ஹார்மோனை ஒத்த இவை பெட்டையின் சினைப்பையை அடக்கிவிடும். ஆண் குதிரையின் நடத்தையையும் உண்டாக்கும். மருந்தை நிறுத்திய பின்னரும் ஒழுங்கான பருவச் சுற்று திரும்புவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அமெரிக்கப் பந்தய மாநிலங்கள் 2008ஆம் ஆண்டையொட்டியும், ஆஸ்திரேலியா 2014ஆம் ஆண்டிலும் இவற்றுக்குக் கடுந்தடை விதித்தன. பந்தயத்தினால் பெட்டைகள் மலடாகின்றன என்னும் பழைய எண்ணத்தில் ஒரு பகுதி, உண்மையில் இந்த மருந்துகளின் பழி என்றே கருத வேண்டும்.

பருவத்துக்கு வந்த பெட்டை கவனம் சிதறி, வாலை உயர்த்திக்கொண்டு ஓட மறுப்பதும் உண்டு. இதனைத் தவிர்க்க ‘ஆல்ட்ரினோஜெஸ்ட்’ என்னும் மருந்தைச் சில நாடுகளில் விதிகளுக்குட்பட்டு வாய்வழியே கொடுக்கின்றனர். இது பருவத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. நிறுத்தினால் சுற்று மீள்கிறது. இதே நோக்கத்துக்காகக் கருப்பையினுள் சுமார் 35 மில்லி மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் கோலியை இடும் வழக்கமும் ஒரு காலத்தில் பரவிற்று. கோலி உள்ளே தங்கிவிடுவதாலும், சில வேளைகளில் உடைந்து கருப்பையைப் புண்படுத்துவதாலும் இம்முறை இன்று விரும்பப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டை காரணமின்றிச் சினைப்படாதபோது, கருப்பையை அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்தால் மறக்கப்பட்ட கோலி வெளிப்படக்கூடும்.

தையலும் தொற்றும்

வேகமாக ஓடும்போது பெட்டைக் குதிரையின் யோனித் துவாரத்தின் வழியே காற்று உள்ளிழுக்கப்படலாம். காற்றுடன் தூசியும் சாணத் துகளும் கிருமிகளும் சென்று கருப்பையில் அழற்சியை உண்டாக்கும். மெலிந்த உடலும் உட்குழிந்த பின்புறமும் கொண்ட பந்தயப் பெட்டைகளில் இது மிகுதி. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் காஸ்லிக் 1937இல் இதற்கு ஓர் எளிய பரிகாரத்தை விவரித்தார். துவாரத்தின் மேற்பகுதியைத் தைத்து மூடிவிடுவதே அது. இன்றும் அவர் பெயராலேயே அந்தத் தையல் வழங்குகிறது. பந்தய லாயங்களில் பல பெட்டைகளுக்கு இது செய்யப்பட்டிருக்கும்.

பண்ணைக்கு வந்த பெட்டைக்கு இந்தத் தையல் உள்ளதா என்று பார்ப்பது முதல் கடமை. இனச்சேர்க்கைக்கு முன் வேண்டுமாயின் கால்நடை மருத்துவர் அதனைத் திறந்து, பின்னர் மீண்டும் தைப்பார். குட்டி ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் கட்டாயம் திறந்துவிட வேண்டும். மறந்துவிட்டால் பிரசவத்தின்போது தசை தாறுமாறாகக் கிழிந்து, பெட்டையின் எதிர்காலமே கெட்டுவிடும்.

களத்தில் பரவும் தொற்றைவிடப் பொலிகுதிரை வழியே பரவும் தொற்று இன்னும் கொடியது. 1977இல் நியூமார்க்கெட் பண்ணைகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தொற்றுக் கருப்பை அழற்சி, ஒரு பருவத்தில் பல பண்ணைகளின் பணியை நிலைகுலையச் செய்தது. அதன் பின்னர், பொலிக்கு விடுமுன் பெட்டையின் கருப்பைப் பகுதியிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது பண்ணைகளில் விதியாயிற்று.

கடந்துபோகும் வயது

மேற்கூறிய குறைகள் எல்லாம் திருத்தத்தக்கவை. திருத்த இயலாதது வயது ஒன்றே. பெட்டைக் குதிரை பிறக்கும்போதே தன் சினை முட்டைகள் அனைத்தையும் உடலில் கொண்டிருக்கிறது. வயது ஏற ஏற முட்டையின் தரம் குறைகிறது. பதின்மூன்று, பதினைந்து வயதுக்குப் பின்னர் சினைப்படும் வாய்ப்புக் குறைவதும், தொடக்கத்திலேயே கரு அழிவது மிகுவதும் தெளிவாகக் காணப்படுகின்றன.

நெடுங்காலம் ஓடியபின், முதன்முறையாகப் பொலிக்கு வரும் பெட்டைக்கு மற்றுமொரு இடர் உண்டு. குட்டியே ஈனாது வயது முதிர்ந்த பெட்டையின் கருப்பை வாய் பருவத்தின்போது நன்கு நெகிழ்வதில்லை. இனச்சேர்க்கைக்குப் பின் கருப்பையில் சேரும் நீர் வெளியேற வழியின்றித் தங்கி அழற்சியாகிறது. பார்வைக்கு எக்குறையும் இல்லாத இப்பெட்டைகளே எளிதில் ‘மலடு’ என்று ஒதுக்கப்படுகின்றன. சேர்க்கைக்குப் பின் ஒரு நாளைக்குள் கருப்பையைக் கழுவி, ‘ஆக்ஸிடோசின்’ கொடுத்து நீரை வெளியேற்றினால் இவற்றுள் பல சினைப்படுகின்றன.

முதற் குட்டியைப் பற்றியும் ஒரு சொல். முதன்முறை சினைப்பட்ட பெட்டையின் நஞ்சுக்கொடி சிறியது. அதனால் முதற் குட்டி எடை குறைந்து பிறப்பது இயல்பு. தாயின் கருப்பை அளவே குட்டியின் பிறப்பு அளவைக் கட்டுப்படுத்துகிறது என்பதை வால்ட்டன், ஹாமண்ட் என்னும் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 1938இலேயே பெரிய ‘ஷயர்’ இனத்தையும் சிறிய ‘ஷெட்லாண்டு’ இனத்தையும் கலந்து காட்டியுள்ளனர். ஆகவே முதற் குட்டி சிறுத்திருப்பதைக் கண்டு ‘ஓட்டம் தாயின் சத்தை உறிஞ்சிவிட்டது’ என்று முடிவு செய்வது தவறு. ஓடாத பெட்டையின் முதற் குட்டியும் அவ்வாறே சிறுத்திருக்கும்.

இளைப்பாறும் காலம்

அநுபவமுள்ள பண்ணையாளர் பந்தயத்திலிருந்து வரும் பெட்டைக்கு இளைப்பாறும் காலம் ஒன்றைத் தவறாமல் அளிப்பர். அது ஆறு வாரங்களுக்குக் குறையாதிருப்பது நன்று. மூன்று மாதங்கள் கிடைத்தால் மிக நன்று. இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்று அடுத்த வசந்தத்தில் பொலிக்குச் செல்லும் பெட்டைக்கு இந்தக் காலம் தானாகவே கிடைக்கிறது. ‘பர்சனல் என்சைன்’ 1988 நவம்பரில் கடைசியாக ஓடிற்று. அதன் முதற் குட்டி 1990இல் பிறந்தது.

தீவனத்தை ஒரே நாளில் மாற்றலாகாது. தானியத்தைப் பத்து, பதினான்கு நாட்களில் படிப்படியாகக் குறைத்து, பசும்புல்லும் உலர்புல்லும் குதிரை மசாலும் மிகுக்க வேண்டும். நடைப் பயிற்சியும் அவ்வாறே படிப்படியாகக் குறையட்டும். லாயத்தில் தனித்து வாழ்ந்து பழகிய பெட்டையைத் திடீரெனப் பெருங்கூட்டத்தில் விட்டால் உதைபட்டும் வேலியில் மோதியும் காயமடையும். முதலில் சிறிய அடைப்பில், சாந்தமான முதிய பெட்டை ஒன்றின் துணையுடன் விடுவது தக்கது. பந்தய லாடங்களைக் கழற்றிக் குளம்பைச் சீராக்குதல், பற்களைப் பார்த்தல், குடற்புழு நீக்கம், தடுப்பூசி ஆகியவற்றை இக்காலத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பழைய காலெலும்புக் காயங்களையும் குறித்துவைக்க வேண்டும். பிறக்கும் குட்டியின் எடை தாயின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு; அதில் பெரும் பகுதி கடைசி மூன்று மாதங்களில் வளர்கிறது. களத்தில் பழுதுற்ற கால்கள்தாம் அந்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். சமதரையான மேய்ச்சலும் தடித்த படுக்கையும் அத்தகைய பெட்டைக்கு மருந்துக்கு நிகரானவை.

பருவத்தை முன்னதாக வருவிக்க வேண்டின் ஒளி உதவும். எட்டு முதல் பத்து வாரங்கள், இயற்கைப் பகலுடன் மின்விளக்கையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேர ஒளி கிடைக்கச் செய்ய வேண்டும். லாயத்தின் எம்மூலையில் நின்றாலும் செய்தித்தாளைப் படிக்க இயலுமாயின் அவ்வொளி போதுமானது. பிப்ரவரி நடுவில் பருவம் வேண்டுமெனில் டிசம்பர் தொடக்கத்திலேயே விளக்கேற்ற வேண்டும். சனவரி முழுதும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டைக்கு இது எங்ஙனம் கிட்டும்?

ஓடிக்கொண்டே தாயாதல்

சினைப்பட்ட பெட்டையைப் பந்தயத்தில் ஓட்டும் வழக்கமும் உண்டு. சினையின் தொடக்க மாதங்களில் கரு மிகச் சிறிது. ஆயினும் மேலே கூறிய உஷ்ண விளைவை எண்ணிப் பார்த்தல் நலம். பிரிட்டனின் பந்தய விதிகள் 120 நாட்களுக்கு மேல் சினையான பெட்டையை ஓட அனுமதிப்பதில்லை.

வேறு இனங்களில் இச்சிக்கலுக்கு மாற்று வழி உள்ளது. அர்ஜென்டினாவில் போலோ ஆட்டத்துக்குரிய சிறந்த பெட்டைகளிலிருந்து கருவை எடுத்து வேறு பெட்டைகளின் கருப்பையில் வைத்து வளர்க்கின்றனர். பெற்ற தாய் ஆடிக்கொண்டே இருக்கும். சுமக்கும் தாய் வேறு. நம் நாட்டில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிக்கானீர் வளாகத்தில் 2023ஆம் ஆண்டில் இம்முறையால் ‘ராஜ் பிரதமா’ என்னும் மார்வாரிக் குட்டி பிறந்தது. ஆனால் தரோபிரெட் இனத்தில் பெட்டையும் பொலிகுதிரையும் நேரில் சேர்ந்து, அப்பெட்டையே சுமந்து ஈன்ற குட்டியே வமிசப் பதிவேட்டில் ஏறும். செயற்கைக் கருவூட்டலும் கரு மாற்றமும் அங்கு ஏற்கப்படுவதில்லை. எனவே பந்தயப் பெட்டைக்கு இளைப்பாறும் காலத்துக்கு மாற்று ஏதுமில்லை.

‘மலடு’ என்னும் சொல்

நியூமார்க்கெட் பகுதிப் பண்ணைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிடப்பட்ட கணக்கொன்று உண்டு. தேர்ந்த மருத்துவர்களும் அல்ட்ராசவுண்டுக் கருவியும் அருகிலிருக்கும் அப்பண்ணைகளிலேயே ஒரு பருவச் சுற்றில் சினைப்பட்டவை நூற்றுக்கு 60 அளவே. இந்த எண்ணை வைத்து மாணவர்களும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் வாய்ப்பு ஒரே அளவாக இருப்பதாகக் கொண்டால், நூறு பெட்டைகளில் முதற் சுற்றில் 40 தவறும். இரண்டாம் சுற்றுக்குப் பின் 16 மிஞ்சும். மூன்றாம் சுற்றுக்குப் பின் ஆறு அல்லது ஏழே மிஞ்சும். நலமுள்ள பெட்டையும் முதற் சுற்றில் தவறுவது இவ்வளவு சாதாரணமாயின், களத்திலிருந்து மெலிந்து வந்து ஒரே சுற்றில் சோதிக்கப்பட்ட பெட்டையை மலடு என்று கூற ஆதாரம் ஏது?

அத்தகைய பெட்டையைக் காணும் கால்நடைப் பணியாளர் சில கேள்விகளுக்கு விடை தேடிப் பதிவேட்டில் எழுதுவது நன்று. கடைசியாக ஓடிய நாள் எது? பொலிக்கு விட்ட நாள் எது? இடையே எத்தனை வாரம்? உடல் நிலை மதிப்பு என்ன? கொடுக்கப்பட்ட மருந்துகள் யாவை? காஸ்லிக் தையல் உண்டா? கருப்பை மாதிரி பரிசோதிக்கப்பட்டதா? எத்தனை சுற்றுகளில், முட்டை வெளிப்பட்டதை மருத்துவர் உறுதி செய்த பின் சேர்க்கப்பட்டது? வயது என்ன, முன்னர் ஈன்றதுண்டா?

இவற்றுள் பலவற்றை உடையவர் அறியமாட்டார். நாள்தோறும் அதற்குத் தீனி வைத்து, தேய்த்துவிடும் குதிரைக்காரரே அறிவார். எந்நாளில் அது ஆண் குதிரையின் கனைப்புக்குச் செவி கொடுத்தது, எந்நாளில் காதைப் பின்னுக்கு மடித்து உதைத்தது என்பன அவர் நினைவில் இருக்கும். அதைக் கேட்டு எழுதிக்கொள்வதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, மார்ச்சில் தவறிய பெட்டைகளிற் பலவற்றுக்கு வேண்டியது விற்பனைச் சீட்டன்று. கோடைக்கு நிழலும், மழைக்காலப் புல்லும், டிசம்பரில் ஒரு விளக்கும், பிப்ரவரியில் மீண்டும் ஒரு வாய்ப்புமே என்பது புலப்படும்.